தொண்டியிலிருந்து மாத்தளை வரை: பாய்த்தோணியில் வந்தவர்கள்

உக்குவளையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனாலும் எங்கள் லயத்துப் பெரியவர்கள் இந்தியாவை இந்தியா என்று சொல்லிக் கேட்டதில்லை. 'அக்கரை' என்பார்கள், ஏதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் போல. நடுவில் ஒரு கடல் கிடக்கிறது, அதை நம்மவர்கள் பாய்த்தோணியில் கடந்தார்கள் என்பதற்கு எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரே சான்று அந்தச் சொல்தான்.

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவ்வாண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஒகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. காட்டுவழியில் செத்தவர்களைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. அதற்கு முந்திய கடல்வழி பற்றிப் பேச்சு குறைவு.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914 மார்ச் 1ஆம் திகதிதான். கோப்பிக் காலத்தில் கங்காணிகள் கூட்டி வந்தவர்கள் தொண்டி, பாம்பன் போன்ற துறைகளில் தோணி ஏறி, மன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கினார்கள். தனுஷ்கோடிப் பக்கம் கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அங்கே மணல்திட்டுகள். ஒட்டிப் போனால் தரைதட்டும். தொண்டியிலிருந்து புறப்பட்டால் தென்கிழக்காக நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும்.

பாய்த்தோணியால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. இந்தக் கடலின் வசதி என்னவென்றால், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமும் வடகிழக்கிலிருந்து வீசும் வாடையும் இந்தப் பாதைக்குப் பக்கக்காற்றுகள். பக்கக்காற்றில் பாயைச் சரித்து வைத்துக்கொண்டு போகவும் முடியும், திரும்பி வரவும் முடியும். அதனால்தான் கோப்பிப் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி, அடுத்த பருவத்துக்கு மறுபடி வர அந்த மக்களால் முடிந்தது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் 12, 13 மணித்தியாலத்தில் மன்னார்.

காற்று விழுந்தால் கதை வேறு. பாய் தொங்கிப் போகும், நீரோட்டம் தோணியைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். நிழலில்லாத தோணியில் குழந்தைகுட்டிகளோடு, ஒரு நாளுக்கென்று கொண்டுவந்த தண்ணீரை வைத்துக்கொண்டு மறுபடி காற்று எழும்பும் வரை கிடக்க வேண்டும்.

காற்று கூடினாலும் ஆபத்து. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. ஆழமில்லாத கடல் சாதுவானது என்று நினைப்போம். உண்மையில் அங்கே அலைகள் குட்டையாக, செங்குத்தாக, மூச்சுவிட இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து எழும். ஆட்களை அடைத்து ஏற்றிய தோணியின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கிட்டவே இருக்கும். நாலு அலை உள்ளே விழுந்தால் போதும். சோளகக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளித்தாலும் நீரிணைப் பக்கம் ஓரளவு அமைதிதான். வாடையில்தான் அது முரட்டுக் கடல். கோப்பிப் பறிப்புக்கு ஆள் அதிகம் தேவைப்பட்டதோ ஆண்டின் கடைசி மாதங்களில், வாடை பிறக்கும் நேரத்தில். யாருடைய வசதிக்காக எந்த நேரத்தில் கடல் கடந்தார்கள் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

1864இல் ஆதிலட்சுமி என்ற கலம் 120 பேரோடு மூழ்கியதாக மலையக வரலாறு எழுதியோர் பதிவு செய்திருக்கிறார்கள். தோட்டங்களின் கோப்பி விளைச்சலுக்கு வருடாவருடம் கணக்கு இருந்தது. கடலில் போனவர்களுக்கு அப்படியொரு பெயர்ப் பட்டியல் எங்கள் கைக்கு வரவில்லை.

பிழைத்து இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழி முழுக்க. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். அதற்கு முன்பு உக்குவளைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மாத்தளையிலிருந்து மேலும் நடந்தே வந்திருக்க வேண்டும். அம்மை நோய்க்கு அஞ்சி வந்தவர்களின் ஊரில் முத்துமாரியம்மன் கோவில் பெரிய கோவிலானதில் எனக்கு வியப்பில்லை.

அதே கடலைத் திரும்பக் கடக்க வேண்டிய காலமும் வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, டிசெம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் பல, 1983க்குப் பிறகு வடக்கு மக்களோடு சேர்ந்து படகேறின. பாய் போய் இயந்திரம் வந்திருந்தது. ஆனால் படகோட்டிகள் அகதிகளை இரவில் இறக்கிவிட்டுப் போனது பழைய தோணிகள் அஞ்சி ஒதுங்கிய அதே மணல்திட்டுகளில். கரை சேர்ந்தவர்களைக் கொண்டுபோன மண்டபம் முகாமோ, தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும்போது அடைத்து வைத்துச் சோதிப்பதற்காக ஒரு காலத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம். தமிழகத்து முகாம்களில் குடியுரிமைக்காகக் காத்திருப்போரில் மலையக வம்சாவளியினரும் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டியில் ஒரு துண்டோ, மண்டபம் முகாமின் தாளோ, கடவுச்சீட்டோ கிடக்கலாம். எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். பாட்டி, தாத்தா இருந்தால் எந்தத் துறையில் ஏறினார்கள், எந்தக் கங்காணியோடு வந்தார்கள், எத்தனை பேர் புறப்பட்டு எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.