செங்குன்றம் ஏரி அரச வான்படைத் தளம்

செங்குன்றம் ஏரி அரச வான்படைத் தளம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சென்னையின் வடமேற்கே புழல் ஏரியில் பிரித்தானிய அரச வான்படை அமைத்திருந்த பறக்கும் படகுத் தளம் ஆகும். ராயல் ஏர் ஃபோர்ஸ் எனப்படும் அப்படையின் பதிவேடுகளில் இது "ரெட்ஹில்ஸ் லேக்" என்ற பெயரால் குறிக்கப்படுகின்றது. 1942 முதல் 1946 தொடக்கம் வரை இங்கிருந்து காட்டலைனா வகை விமானங்கள் வங்காள விரிகுடாவின் மீது சுற்றுக்காவல் புரிந்தன. சென்னை நகரம் நாள்தோறும் குடித்த நீரே அவற்றின் ஓடுபாதையாக இருந்தது. பர்மியப் போரைப் பற்றிய நூல்கள் வங்காளம், அசாம் ஆகிய பகுதிகளின் விமான நிலையங்களை விரிவாகப் பேசுகின்றன. தென்னிந்தியத் தளங்களுக்கு அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளே.

பெயர்

புழல் ஏரியின் வடகிழக்குக் கரையில் அமைந்த செங்குன்றம் என்னும் ஊரின் ஆங்கிலப் பெயரே ரெட்ஹில்ஸ். எனவே மக்கள் இதனைப் புழல் ஏரி என்றும் செங்குன்றம் ஏரி என்றும் வழங்குகின்றனர். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ரெட்ஹில் என்றொரு ஊர் உண்டு. போர்க்காலத்தில் அங்கும் அரச வான்படைக்கு ஒரு நிலையம் இருந்தது. ஓர் எழுத்தே வேறுபடுவதால் பழைய பதிவுகளைப் படிப்போர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ளது. பெயருடன் "ஏரி" என்ற சொல் சேர்ந்து வருமாயின் அது சென்னைத் தளமே ஆகும்.

ஏரியின் தென்கரைப் பகுதிகளான அம்பத்தூர், கள்ளிக்குப்பம், சூரப்பட்டு ஆகியவை இன்று அடர்ந்த குடியிருப்புகள். நிருவாக அடிப்படையில் செங்குன்றம் 2022 முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகின்றது.

பின்னணி

அரச வான்படை 1918 ஏப்ரல் 1 அன்று, தரைப்படையின் பறப்புப் பிரிவும் கடற்படையின் வான் பிரிவும் இணைக்கப்பட்டு உருவானது. இந்தியாவில் அதன் கவனம் நெடுங்காலம் வடமேற்கு எல்லைப்புறத்தின் மீதே இருந்தது. தெற்கிலிருந்து கடல்வழித் தாக்குதல் வரக்கூடும் என்பது திட்டங்களில் பெரிதாக இடம்பெறவில்லை. போர் மூண்டபின் இந்திய வான்படையின் தன்னார்வ இருப்புப் பிரிவினரைக் கொண்டு கரையோரக் காவல் அணிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது அணி சென்னைக்குரியது. அது பரங்கிமலை விமானத்தளத்தைப் பயன்படுத்தியது. அதற்குக் கிடைத்தவை வபிட்டி போன்ற பழைய வகை இரட்டைத்தட்டு விமானங்கள்.

இங்கு ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. போரின் தொடக்க ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் போர் நிதி திரட்டப்பட்டு விமானங்கள் வாங்குவதற்காகப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு நன்றியாக அரச வான்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் (ஒரே தளபதியின் கீழ் இயங்கும் விமானத் தொகுதிகள்) தம் பெயருடன் "மெட்ராஸ் பிரெசிடென்சி" என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டன. ஆயினும் 1942 ஏப்ரலில், சென்னைக் கடற்கரை உண்மையாகவே அச்சுறுத்தலுக்கு உள்ளானபோது, மாகாணத்தின் பெயரைத் தாங்கிய அம்மூன்றில் ஒன்றுகூடச் சென்னையில் இருக்கவில்லை. 79ஆம் ஸ்குவாட்ரன் மட்டும் அவ்வாண்டில் இந்தியா வந்து பர்மியப் போர்முனையில் ஈடுபட்டது.

அந்த ஏப்ரல் மாத நிகழ்வுகள் விரைவாக நடந்தேறின. மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரைக் கைப்பற்றினர். ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலைத் தளத்திலிருந்து சென்ற கனடிய விமானி லியோனார்ட் பர்ச்சாலின் காட்டலைனா, கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலிவழி எச்சரித்தது. உடனே அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; உயிர்தப்பியோர் சிறைப்பட்டனர். ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைகளும், 9 அன்று திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னையிலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன.

இந்நிகழ்வுகள் உணர்த்தியது ஒன்றுதான்: கப்பற்படை நெருங்குவதை முன்கூட்டியே கண்டு சொல்லக்கூடிய நெடுந்தொலைவு விமானம் இல்லாத கரை, குருட்டுக் கரையாகும். பர்ச்சாலின் செய்தி கொழும்புக்கு ஓரிரவு அவகாசம் அளித்தது.

ஏரியின் பொருத்தம்

காட்டலைனா அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த இரட்டைப் பொறி விமானம். இறக்கை அகலம் சுமார் 32 மீட்டர். பறப்பெல்லை சுமார் 4,000 கிலோமீட்டர். அதன் உடற்பகுதி படகின் அடிப்பாகத்தைப் போன்றது. ஆகவே அதற்குக் காங்கிரீட் ஓடுபாதை தேவையில்லை. ஆனால் அலையடங்கிய, தடையற்ற, நீண்ட நீர்ப்பரப்பு தேவை. சென்னையின் கடற்கரை திறந்த கரை. ஆண்டு முழுவதும் அலை உடைந்துகொண்டே இருப்பது. பழவேற்காடு ஏரி பரந்ததெனினும் ஆழமற்றது. புழல் ஏரியோ நன்னீர் ஏரி என்பதால் விமானத்தின் உலோக உடலை உப்பு அரிக்கும் தொல்லையும் இல்லை.

இந்த ஏரி அக்காலத்திலும் வெறும் பாசன ஏரியன்று. 1870களில் வகுக்கப்பட்ட குடிநீர்த் திட்டத்தின்படி, கொசத்தலையாற்றின் நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரம் ஏரி வழியாகப் புழலுக்குத் திருப்பப்பட்டு, அங்கிருந்து நகரத்துக்குச் சென்றது. பூண்டி நீர்த்தேக்கம் போருக்கிடையே கட்டப்பட்டு 1944 இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதாவது, பறக்கும் படகுகள் இங்கு வந்துசேர்ந்த ஆண்டில் நகரின் குடிநீருக்குப் புழலே முதன்மை நம்பிக்கையாக இருந்தது. பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட ஏரியின் இன்றைய கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி.

ஏரியில் விமானம் இயக்குதல் எளிதன்று. காற்றில்லாத நாளில் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் கிடக்கும். இறங்கும் விமானிக்குத் தன் உயரம் புலப்படாது. இரவில் இறங்குவதற்கு விளக்கேந்திய படகுகளை வரிசையாக நிறுத்த வேண்டும். மிதவைகளில் கட்டப்பட்ட விமானங்களுக்கு எரிபொருள், உணவு, படைக்கலம் யாவும் படகில் செல்லும். பொறியைப் பழுதுபார்ப்பவர் கைதவறி ஒரு திருகைக் கீழே விட்டால் அது ஏரிக்குச் சொந்தம். பெரிய பழுதுகளுக்கு மட்டும் தற்காலிகச் சக்கரங்களைப் பொருத்தி விமானத்தைக் கரையேற்றுவர்.

ஸ்குவாட்ரன்கள்

தளத்துடன் மிக நெடிய தொடர்பு கொண்டது 240ஆம் ஸ்குவாட்ரன். வட அயர்லாந்தின் ஏர்ன் ஏரியிலிருந்து அட்லாண்டிக் சுற்றுக்காவலில் ஈடுபட்டிருந்த இது, 1942 ஜூலையில் செங்குன்றம் வந்தது. கராச்சியின் கோரங்கி கிரீக்கில் 1943 இல் உருவான 191ஆம் ஸ்குவாட்ரன் 1944 நவம்பரில் இங்கு வந்து 1945 ஜூனில் கலைக்கப்பட்டது. அதே கோரங்கியைச் சேர்ந்த 212ஆம் ஸ்குவாட்ரனும் 1945 இல் செங்குன்றத்துக்கு மாறியது. அவ்வாண்டு ஜூலை 1 அன்று பழைய 240 கலைக்கப்பட்டு, 212 அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது. பதிவேட்டில் ஒரே எண் தொடர்வதால் ஒரே பிரிவு என எண்ணத் தோன்றும். உண்மையில் ஆட்களும் விமானங்களும் வேறு.

இவற்றின் அன்றாடப் பணி கப்பல் தொகுதிகளுக்கு மேலே பறந்து காவல் செய்தலும், நீர்மூழ்கிகளைத் தேடுதலும், கடலில் விழுந்த விமானப் பணியாளரை மீட்டலும் ஆகும். நீர்மூழ்கி அபாயம் கற்பனையன்று. 1944 பிப்ரவரியில் கொழும்பிலிருந்து கல்கத்தா சென்ற கப்பல் தொகுதியை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் ஜப்பானிய ஆர்ஓ-110 நீர்மூழ்கி தாக்கியது. காவலாகச் சென்ற இந்தியக் கப்பல் ஜம்னாவும் இரு ஆத்திரேலியக் கப்பல்களும் அதனை மூழ்கடித்தன. எனினும் பெரும்பாலான சுற்றுக்காவல்களில் பணியாளர் கண்டது வெறுங்கடலையே. எதிரி தென்படாமையை வெற்றியாகக் கொள்ளவேண்டிய பணி என்பதால், வீரக்கதைகளில் இதற்கு இடம் கிடைக்காததில் வியப்பில்லை.

சென்னை நகரின் மீது குண்டு விழுந்ததும் இத்தளம் இயங்கிய காலத்திலேயே. 1943 அக்டோபரில் ஓரிரவு ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டுவீசிச் சென்றது, சேதம் சிறிதே.

மறைவான பணிகள்

செங்குன்றத்திலிருந்து நடந்தவற்றுள் அதிகம் அறியப்படாதது, ஜப்பானியர் வசமிருந்த கடற்கரைகளில் உளவாளிகளை இறக்கும் பணி. வங்காளத்தின் திக்ரியில் 1944 பிப்ரவரி 1 அன்று உருவான 357ஆம் ஸ்குவாட்ரன், இவ்வகைச் சிறப்புப் பணிகளுக்கென அமைந்தது. அதன் காட்டலைனா அணி செங்குன்றத்தில் நிலைகொண்டது. 1944 மார்ச் 21 அன்று அந்த அணி 628ஆம் ஸ்குவாட்ரன் எனத் தனிப்பெயர் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று அது கலைக்கப்பட்டபின் சிறப்புப் பணிகள் 240ஆம் ஸ்குவாட்ரனின் கீழ் தொடர்ந்தன.

தொலைவைக் கணக்கிட்டால் இப்பணியின் கடுமை விளங்கும். செங்குன்றத்திலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,350 கிலோமீட்டர். ரங்கூன் சுமார் 1,750 கிலோமீட்டர். சுமத்திராவின் வடமுனை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். காட்டலைனாவின் சிக்கனப் பறப்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. ஆகவே அந்தமானுக்குப் போய்வர சுமார் 14 மணி நேரமும் சுமத்திராவுக்குப் போய்வர 18 மணி நேரமும் ஆகும். இருட்டில் எதிரியின் கரைக்கு அருகே திறந்த கடலில் இறங்கி, ரப்பர் படகில் ஆட்களை அனுப்பிவிட்டு, விடியுமுன் விலகிவிட வேண்டும். அலை சற்று மிகுந்தால் விமானம் மீண்டும் எழ இயலாது. வழியில் வேறு தளமும் கிடையாது. நீர்மூழ்கிக் கப்பல்களும் இதே பணியைச் செய்தன. ஆனால் அவற்றுக்குப் பல நாட்கள் பிடித்த பயணம் காட்டலைனாவுக்கு ஓர் இரவில் முடிந்தது.

அண்டைத் தளங்கள்

செங்குன்றத்துக்குச் சற்று வடக்கே சோழவரத்தில் தரை விமானத்தளம் ஒன்று இருந்தது. 1944 இல் 27, 47 ஆகிய ஸ்குவாட்ரன்கள் போஃபைட்டர் விமானங்களுடன் அங்குக் கப்பல் தாக்கும் அணியாக அமைக்கப்பட்டன. ஆனால் தாக்குவதற்குரிய ஜப்பானியக் கப்பல்கள் அந்நேரம் இப்பக்கம் வரவில்லை. போருக்குப்பின் அந்த ஓடுபாதை வேறொரு வகையில் புகழ்பெற்றது: 1950கள் முதல் பல ஆண்டுகள் சென்னையின் மோட்டார் பந்தயங்கள் அங்குதான் நடைபெற்றன.

ஆவடியைப் பொறுத்தவரை, அப்பெயர் கவச வாகனங்கள், வெடிபொருள் கிடங்கு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்றொரு செய்தி பரவலாக வழங்குகின்றது. இது பின்னாளில் புனையப்பட்ட விளக்கமாகவே தோன்றுகின்றது. கனரக வாகனத் தொழிற்சாலை அங்கு 1960களில் அமைந்தது. அதற்கு முன்பே, 1955 சனவரியில் நடந்த காங்கிரசு மாநாடு ஆவடி மாநாடு என்றே அழைக்கப்பட்டது. இன்று ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் இந்திய வான்படை நிலையம் உள்ளது.

போருக்குப் பின்

1945 ஆகத்தில் ஜப்பான் சரணடைந்தபின் தளத்தின் தேவை குறைந்தது. 240ஆம் ஸ்குவாட்ரன் 1946 சனவரியில் கொக்கலைக்கு மாறி, அவ்வாண்டு மார்ச் 31 அன்று கலைக்கப்பட்டது. ஏரி மீண்டும் குடிநீருக்கு மட்டும் உரியதாயிற்று.

இப்பகுதியில் உயிரிழந்த படையினருக்கான சென்னைப் போர்க் கல்லறை, பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் உள்ளது. 1952 இல் அமைக்கப்பட்ட இக்கல்லறைக்குத் தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் போர்க்காலப் புதைகுழிகள் மாற்றப்பட்டன. இங்கு இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்த 850க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கடலில் விழுந்து உடல் கிடைக்காத விமானப் பணியாளரை இங்குத் தேடிப் பயனில்லை. தெற்கு, கிழக்கு ஆசியாவின் வானிலும் கடலிலும் மறைந்தோரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.