போர்வை மேல் விழுந்த பழி

தம்பி தங்கைகளே, விரலிடுக்கில் அரிப்பு வந்தால் எல்லோரும் சொறிவார்கள். "ஏன் அரிக்கிறது?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நீங்கள் அந்தக் கொஞ்சம் பேரில் சேர்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். வாருங்கள், போர்க்கால இங்கிலாந்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவரைப் பார்ப்போம்.

ஊரின் பெயர் ஷெஃபீல்டு. எஃகுக்குப் பேர்போன ஊர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் செய்ய எஃகு வேண்டுமே? அதனால் 1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் இரண்டு இரவுகள் வந்து குண்டு போட்டன. 660 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஏராளமான குடும்பங்கள் வீடிழந்தன.

வீடு போனால் எங்கே தூங்குவது? பதுங்கு அறையிலும் சொந்தக்காரர் வீட்டிலும் நெருக்கியடித்துப் படுத்தார்கள். போருக்கு முன்பே நாட்டில் கூடிக்கொண்டிருந்த சிரங்கு இப்போது இன்னும் வேகமாகப் பரவியது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சுகாதார அதிகாரி இருந்தார். அவர் ஒரு டாக்டர். அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள், வீடு வீடாகப் போகும் நர்சுகள், பள்ளிக்கூட நர்சுகள். பள்ளி நர்ஸ் வந்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். தலையில் பேன் பார்ப்பார். கையை விரிக்கச் சொல்லி விரலிடுக்கைப் பார்ப்பார். 1941இல் சிரங்குக்கென்றே அரசு ஓர் ஆணை போட்டது. யாருக்குச் சிரங்கு என்று சோதிக்கவும், சிகிச்சைக்கு வரச் சொல்லவும் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் கிடைத்தது.

சிகிச்சை லேசானதல்ல. வெந்நீரில் உட்காரவைத்து பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். பிறகு கந்தகக் களிம்பு. நோயாளியின் துணி, போர்வை எல்லாவற்றையும் சூடேற்றிப் பூச்சி நீக்குவார்கள். போர்வையிலிருந்துதான் சிரங்கு தொற்றுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். சிப்பாய்களின் போர்வைகளைச் சூடேற்றவென்றே ராணுவம் ஏகப்பட்ட பணமும் எரிபொருளும் செலவழித்தது.

சிரங்கு எதனால் வருகிறது, தெரியுமா? எட்டுக் கால் உள்ள ஒரு குட்டிப் பூச்சியால். பெண் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அது மேல்தோலுக்குள் வளை தோண்டிப் போய் அங்கேயே முட்டையிடும். விரலிடுக்கும் மணிக்கட்டும் அதற்கு ரொம்பப் பிடித்த இடங்கள். இது வரைக்கும் புரிகிறதா? சரி, மேலே போவோம்.

கென்னத் மெல்லன்பி என்பவர் ஷெஃபீல்டில் இருந்த பூச்சி ஆராய்ச்சியாளர். சிரங்கு போர்வையால் வருகிறது என்கிறார்களே, அதை யாரும் சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் அவர் கேள்வி. சோதிக்க ஆள் வேண்டுமே? அதற்குச் சில இளைஞர்கள் முன்வந்தார்கள். அவர்கள் கொல்வது தவறு என்று நம்பி, போர்முனைக்குப் போக மறுத்தவர்கள். ஆனால் மக்களுக்கு உதவியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இருந்தது. ஷெஃபீல்டில் ஒரு பெரிய பழைய வீட்டில் அவர்கள் தங்கினார்கள்.

சிரங்கு பிடித்த சிப்பாய்கள் கழற்றிப் போட்ட உள்ளாடையை, துவைக்காமல் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நோயாளி படுத்த போர்வைக்குள் வெற்றுடம்போடு தூங்கினார்கள். சொல்லும்போதே நமக்கு உடம்பு கூசுகிறது, இல்லையா? அவர்கள் விரும்பிச் செய்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

என்ன நடந்திருக்கும்? மேலே படிக்கும் முன் ஊகித்துப் பாருங்கள்.

ஏறக்குறைய யாருக்குமே சிரங்கு வரவில்லை! உடம்பின் சூட்டை விட்டு விலகினால் அந்தப் பூச்சி சோர்ந்துபோகும். பிறகு, சிரங்கு உள்ள சிப்பாயோடு ஒரே படுக்கையில் படுக்கவைத்தார்கள். இப்போது தொற்றியது. தோலோடு தோல் வெகுநேரம் படுவதுதான் காரணம். போர்வை பாவம், அதன் மேல் வீண்பழி.

அழுக்குப் பிள்ளைகளுக்குத்தான் சிரங்கு வரும் என்று ஏழை வீட்டுக் குழந்தைகளைப் பலர் பேசினார்கள். அதுவும் சரியில்லை. தினமும் சோப்புப் போட்டுக் குளித்தாலும் வளைக்குள் இருக்கும் பூச்சி அசையாது. இடநெருக்கடியில் ஒரே கட்டிலில் நாலு பிள்ளைகள் தூங்கினால் அது பிள்ளைகளின் குற்றமா, சொல்லுங்கள்?

இன்னொரு விந்தையும் தெரிந்தது. பூச்சி புகுந்த நாளில் இளைஞர்களுக்கு அரிக்கவே இல்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் அரிப்பு தொடங்கியது. குணமானவருக்கு மறுபடி தொற்றியபோதோ ஒரே நாளில் அரித்தது! நம் பள்ளிக்கூட வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். புது ஆள் உள்ளே வந்தால் முதலில் அவருக்கு அடையாளம் தெரியாது, விட்டுவிடுவார். திருடன் என்று தெரிந்த பிறகு, அந்த முகம் வாசலில் தெரிந்தாலே விசில் ஊதுவார். நம் உடம்பும் பூச்சியை அடையாளம் கண்டுகொள்ள நாளெடுக்கிறது. அரிப்புதான் அது ஊதும் விசில்.

இத்தனை பாடுபடுத்தும் பூச்சிகள் ஓர் உடம்பில் எத்தனை இருக்கும்? ஆயிரக்கணக்கில் என்றுதானே நினைக்கிறீர்கள்? மெல்லன்பி ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். பெரும்பாலோரிடம் ஒரு டஜன்கூடத் தேறவில்லை.

இதெல்லாம் ஊர் நர்சுகளுக்கு ரொம்ப உதவியது. வீட்டில் ஒருவருக்கு அரித்தால், அரிப்பே இல்லாத தங்கச்சியின் தோலுக்குள்ளும் பூச்சி இருக்கலாம். அரிப்பு வரத்தான் ஒரு மாதம் ஆகுமே! அதனால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். பென்சைல் பென்சோயேட் என்ற திரவ மருந்தைக் கழுத்திலிருந்து கால்வரை இடம்விடாமல் பூசினார்கள். முரட்டு பிரஷ் தேவைப்படவில்லை. போர்வைகளைச் சூடேற்றும் பெரும் செலவையும் ராணுவம் நிறுத்த முடிந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. மருந்து போட்டுப் பூச்சியெல்லாம் செத்த பிறகும் சில நாள் அரிக்கும். ஏன்? வாட்ச்மேனை வைத்தே யோசித்தால் விடை கிடைத்துவிடும். பூச்சி செத்தாலும் அதன் உடலும் கழிவும் தோலுக்குள் கிடக்கின்றன. மேல்தோல் உதிர்ந்து அவை வெளியேறும்வரை விசில் சத்தம் ஓயாது. இது தெரியாமல் அம்மாக்கள் பதறி, மறுபடி மறுபடி மருந்தைப் பூசினால் தோல் எரிந்து புண்ணாகும். "அரிப்பு தானாக அடங்கும், கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்வதும் நர்சின் வேலையாகவே இருந்தது.