கார்ப்பரேஷன் கையில் உள்ள கோல்

தெருவில் மாடு திரிந்தால் அபராதம். கண்ட இடத்தில் குப்பை கொட்டினால் அபராதம். நடைபாதையில் கடை பரப்பினால் சாமான் பறிமுதல். அனுமதி இல்லாமல் மாடி எழுப்பினால் கடப்பாரை வந்து நிற்கும். பட்டணத்தில் வாழ்கிறவனுக்கு டில்லியில் உள்ள அரசாங்கம் எட்டத்து அரசாங்கம். தெருக்கோடியில் இருக்கும் கார்ப்பரேஷன் ஆபீசுதான் அவனுக்குக் கிட்டத்து அரசாங்கம்!

அபராதத் தொகையும் இப்போது அற்பமாக இல்லை. தெருவில் விடப்படும் மாடு முதல் தடவை பிடிபட்டால் 10 ஆயிரம் ரூபாய், மறு தடவை 15 ஆயிரம் ரூபாய் என்று சென்னை மாநகராட்சி 2024-ம் ஆண்டில் தீர்மானித்தது. பால் கறந்து பிழைக்கும் குடும்பத்துக்கு இது பெருந்தொகை. சாலையில் மாடு முட்டி விழுந்தவருக்கோ, இது நியாயமான தண்டனை. இரண்டு பக்கமும் வழக்கு உண்டு. ஆகவே, கோலைப் பிடித்திருக்கும் கைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா?

மேயரே நீதிபதி

சென்னை மாநகராட்சி 1688-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த சாசனப்படி ஒரு மேயரும் 12 ஆல்டர்மேன்களும் அமர்ந்தார்கள். ஊரை நிர்வகித்தவர்களும் அவர்களே. கோர்ட்டாக உட்கார்ந்து தண்டித்தவர்களும் அவர்களே.

இன்று அப்படி இல்லை. முதலில் சட்டசபை சட்டம் இயற்ற வேண்டும். அந்தச் சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் நகர மன்றம் துணை விதி செய்யலாம். சென்னையை 1919-ம் ஆண்டுச் சட்டம் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் ஆள்கிறது. தாய்ச் சட்டத்தை மீறிய துணை விதி கோர்ட்டில் நிற்காது.

நியாயமற்ற துணை விதியும் நிற்காது. இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லா கவுன்சில் ஒரு விதி செய்தது. வீட்டிலிருந்து 50 கெஜத்துக்குள் தெருவில் பாடுகிறவரை நிறுத்தும்படி வீட்டுக்காரர் சொன்னால், அவர் நிறுத்தியாக வேண்டும். இந்த விதி செல்லுமா என்று 1898-ல் வழக்கு நடந்தது. விதி செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் விதியை லேசில் தள்ளக்கூடாது என்றார்கள் நீதிபதிகள். ஆனால் ஒரு சாராருக்கு ஒன்று, மறு சாராருக்கு வேறொன்று என்று பாரபட்சமாகவோ, கொடுமையாகவோ விதி இருந்தால் அது செல்லாது என்றும் சொன்னார்கள். இந்த உரைகல் இன்றும் வழக்கில் இருக்கிறது.

சேலத்துக்குப் போன பஸ்

விதி நியாயமாக இருந்தால் மட்டும் போதுமா? அதை நிறைவேற்றும் முறையும் நியாயமாக இருக்க வேண்டும். இதை நாடு முழுவதும் உணரச் செய்தது பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு.

சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலி ஒருவர், வறட்சியால் வேலை இழந்து 1961-ல் பம்பாய்க்குப் போனார். தினக்கூலி 23 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. ஆனால் குடியிருக்க வீடு இல்லை. நடைபாதையில் பிளாஸ்டிக் துணியும் கித்தானும் கட்டிய குடிசைக்கு, ஒரு பேட்டை ரவுடி அவரிடமிருந்து 2,500 ரூபாய் கறந்துவிட்டான்!

நடைபாதைவாசிகள் எல்லோரும் அப்புறப்படுத்தப்படுவார்கள் என்று 1981 ஜூலை 13-ந் தேதி மராட்டிய முதல்-மந்திரி அந்துலே அறிவித்தார். பத்தே நாளில் சேலத்துக்காரரின் குடிசை பிரிக்கப்பட்டது. அவரும் மனைவி மக்களும் சேலத்துக்குப் பஸ் ஏற்றப்பட்டார்கள். குடும்பம் சேலத்தில் தங்கியது. அவரோ வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே வந்தார்; மீண்டும் நடைபாதையிலேயே ஒதுங்கினார். ஊருக்கு அனுப்பிவிட்டால் பசி தீர்ந்துவிடுமா?

அவரும் ஒரு பத்திரிகை நிருபரும் மற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். பம்பாய் மாநகராட்சியின் 1888-ம் ஆண்டுச் சட்டத்தில் 314-வது பிரிவு, நோட்டீசு கொடுக்காமலே ஆக்கிரமிப்பை அகற்றலாம் என்கிறது. பிரதம நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் 1985 ஜூலையில் தீர்ப்புச் சொன்னார்கள். உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்றார்கள். நோட்டீசு இல்லாமல் அகற்றலாம் என்றால், எப்போதும் நோட்டீசு கூடாது என்று அர்த்தமல்ல என்றார்கள்.

நடைபாதைவாசிகள் முழு வெற்றி பெற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். நடைபாதை நடப்பதற்கே என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சட்டப் பிரிவையும் செல்லும் என்றது. மழைக்காலம் கழியும்வரை, அக்டோபர் 31 வரை, கைவைக்கக் கூடாது என்று மட்டும் தவணை கிடைத்தது. ஆனாலும் "முதலில் சொல், அவன் பதிலைக் கேள், பிறகு செய்" என்ற முறை அங்கே ஊன்றி நின்றது.

முனிசிபாலிடிக்கே உத்தரவு

கோல் ஒரு பக்கம் மட்டும் வீசுவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில் சாக்கடை கிடையாது; ஏழைகளுக்குக் கக்கூஸ் கிடையாது; சாராய ஆலைக் கழிவு தெருவில் ஓடியது. ஊரார் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சாக்கடை கட்டு என்று முனிசிபாலிடிக்கு உத்தரவாயிற்று. "பணம் இல்லை" என்றது முனிசிபாலிடி. அந்தச் சாக்கு எடுபடாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அசுத்தம் செய்தவனுக்கு அபராதம் போடும் சபை, தான் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் அதற்கும் கேள்வி உண்டு!

கூடைக்கும் கணக்கு உண்டு

தெருவில் பூவும் பழமும் விற்பவர்களுக்காகப் பாராளுமன்றம் 2014-ல் ஒரு சட்டம் செய்தது. பலருக்கு இது தெரிவதில்லை. வியாபாரியை அகற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னதாக நோட்டீசு கொடுக்க வேண்டும். சாமானைப் பறிமுதல் செய்தால், என்னென்ன எடுத்தோம் என்று கையெழுத்திட்ட ஜாபிதா கொடுக்க வேண்டும். உரியவர் வந்து கட்டணம் செலுத்திக் கேட்டால், அழுகும் பண்டங்களை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ஒரு கூடைத் தக்காளியின் ஆயுள் எவ்வளவு என்று யாரோ யோசித்து எழுதிய சட்டம் இது.

வீடு இடிப்பதற்கும் 2024 நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வரையறை விதித்தது. குறைந்தது 15 நாள் நோட்டீசு தர வேண்டும். அது பதிவுத் தபாலில் வர வேண்டும். சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். சொந்தக்காரரை நேரில் விசாரிக்க வேண்டும். இடிப்பதை வீடியோ படம் எடுக்க வேண்டும். முறை தவறி இடித்தால் அதிகாரி தம் கைப்பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும். ஆனால் சாலை, நடைபாதை, ஆற்றங்கரை போன்ற பொது இடங்களை ஆக்கிரமித்துக் கட்டியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆகவே, நோட்டீசு வந்தால் பயந்து ஒளியவும் வேண்டாம். கிழித்துப் போடவும் வேண்டாம். எந்தப் பிரிவின் கீழ் வந்தது, தேதி என்ன, எத்தனை நாள் தவணை, யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற நான்கையும் பார்க்க வேண்டும். குற்றம் உண்மையானால் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் தவணைக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாமல் கைமாறும் பணம் அபராதம் அல்ல. அதற்கு வேறு பெயர்!