ஒரு கேபிளின் இரண்டு முனைகள்

மோடம், ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். வீட்டில் பெரும்பாலும் ஒரே பெட்டி எல்லா வேலையையும் செய்துவிடுவதால் வரும் குழப்பம் இது. வெளிக் கம்பியில் வரும் சிக்னலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது மோடம். ஐபி முகவரியைப் பார்த்து, வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே வழி காட்டுவது ரவுட்டர்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்விட்ச். அதற்கு முந்திய ஹப், ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். ஸ்விட்ச் அப்படியல்ல. எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வரும் காவலாளி யாரிடமும் விசாரிப்பதில்லை. யார் எந்தப் படிக்கட்டில் இறங்கி வருகிறார்கள் என்று பார்த்தே ஆளையும் வீட்டையும் தெரிந்துகொள்வார். ஸ்விட்சும் ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவரின் 48 பிட் மேக் முகவரியைப் படித்து, அது எந்தப் போர்ட்டில் வந்தது என்று குறித்துக்கொள்கிறது. பெறுபவர் எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று தெரியாவிட்டாலோ, செய்தியே எல்லாருக்குமானது என்றாலோ மட்டும் எல்லாருக்கும் அனுப்புகிறது.

இந்தத் தாராளம்தான் ஆபத்து. ஸ்விட்சிலிருந்து தொங்கும் கேபிள் முனையைப் பார்த்த ஒருவர், நல்லெண்ணத்தில் அதை அதே ஸ்விட்சில் செருகிவிடுகிறார் என்று வையுங்கள். எல்லாருக்குமான செய்தி ஒரு முனையில் வெளியேறி மறுமுனையில் உள்ளே வரும், மறுபடி வெளியேறும். ஐபி செய்திக்கு இத்தனை தாவல்தான் என்ற ஆயுள் உண்டு. ஸ்விட்ச் கையாளும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. சில நொடிகளில் அலுவலகம் முழுவதும் ஸ்தம்பித்துவிடும்.

இதற்கு 1985-இல் வழி கண்டவர், டெக் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன். அவருடைய ஸ்பேனிங் ட்ரீ முறையில் கருவிகள் தமக்குள் பேசி ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். அதை அடையச் சிறந்த வழியை மட்டும் திறந்து வைத்து, உபரி வழிகளை அடைத்துவிடும். திறந்த வழி அறுந்தால் அடைத்தது திறக்கும். இதை விளக்க அவர் ஒரு கவிதையே எழுதினார்.

மலிவான சிறிய ஸ்விட்சுகள் பலவற்றில் இந்தக் காப்பு இல்லை. அவற்றையும் பீரோவுக்குப் பின்னால், தூசியில், கேபிளிலேயே தொங்கவிடுகிறோம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. இந்த அலட்சியம் எனக்கு வருத்தமளிக்கிறது. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். எல்லா விளக்குகளும் ஓயாமல் வேகமாகச் சிமிட்டி, வலை உறைந்துபோனால், கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். வளையம் போட்ட கேபிள் கழன்றதும் வலை மீண்டுவிடும்.