சேகரும் சகேரும்: பி.டி.எஃப். தாளில் நம் தமிழ்

இன்று மின்கட்டணம் கட்டினாலும், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்தாலும் கைக்கு வருவது ஒரு பி.டி.எஃப். கோப்பு. தமிழ் அமைப்புகளும் நன்கொடை ரசீது, உறுப்பினர் சான்று, பேச்சுப் போட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்படி அனுப்பத் தொடங்கிவிட்டன. பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், அந்தத் தாள் எப்படித் தயாராகிறது, அதில் தமிழ் ஏன் உடைகிறது என்பதை நம் குடும்பங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல விரும்புகிறேன்.

கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். சிவகாசியிலிருந்து பிள்ளையார் படமும் பூ வேலைப்பாடும் அச்சான அட்டை வருகிறது. பெயரையும் முகூர்த்த நேரத்தையும் உள்ளூர் அச்சகம் சேர்க்கிறது. இணையச் செயலியிலும் அதே கதைதான். ரசீதின் தலைப்பு, கட்டங்கள், முகவரி எல்லாம் எச்.டி.எம்.எல். மொழியில் ஒரு வார்ப்புருவாக இருக்கும். பெயர், தொகை, தேதிக்கு இடம் விட்டிருக்கும். சர்வர் அவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து நிரப்பி, பி.டி.எஃப். ஆக்கும் நிரலிடம் கொடுத்துவிடும்.

இரண்டுக்கும் குணம் வேறு. எச்.டி.எம்.எல். பக்கம் திரையின் அகலத்துக்கேற்ப மடங்கும், விரியும். 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்டு, 2008இல் ஐ.எஸ்.ஓ. தரமாக ஏற்கப்பட்ட பி.டி.எஃப். அப்படியல்ல. 210க்கு 297 மில்லிமீட்டர் ஏ4 தாளில் ஒவ்வோர் எழுத்து வடிவமும் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து வைத்துவிடும். எழுத்துருவையும் கூடவே கட்டிக்கொண்டு போகலாம். அதனால்தான் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிகிறது.

ஆங்கிலத்துக்கு எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் போதும். தமிழுக்குப் போதாது. ஒருங்குறியில் 'சே' என்பது முதலில் 'ச', பிறகு ஏகாரக் கொம்பு என்று பதிவாகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை எழுத்துருவும், ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரலும் சேர்ந்து செய்கின்றன. அந்த நிரல் இல்லாத இடத்தில் கொம்பு பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சேகர் 'சகேர்' ஆவார், தேவகி 'தவேகி' ஆவார். 'கு', 'மு'வில் உகரக் குறி தனியாகத் தொங்கும். சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாக வரும்.

ஒரு நிறுவனம் கொடுத்த சான்றிதழில் என் அக்கா மகளின் பெயர் இப்படித்தான் வந்தது. "பரவாயில்ல மாமா, இங்கிலீஷ்லயே கேட்டு வாங்கிக்கறேன்" என்றாள். அந்தப் 'பரவாயில்ல'தான் எனக்கு உறுத்தியது. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் தமிழில் தங்கள் பெயரைப் பார்க்கும் சந்தர்ப்பங்களே குறைவு, அதிலும் இப்படியா?

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. பி.டி.எஃப். உள்ளே பெரும்பாலும் இருப்பது எழுத்தல்ல, எழுத்து வடிவத்தின் எண். எந்த எண் எந்த ஒருங்குறி எழுத்து என்று சொல்லும் அட்டவணை சரியாக இல்லையென்றால், அச்சில் அழகாக இருக்கும், தேடினால் கிடைக்காது. பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளும் திணறும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றது. ஆனால் 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற வேறு குறியாக்கங்களை ஏற்றது. அச்சகங்களும் தத்தம் எழுத்துருக்களையே பிடித்துக்கொண்டன. 2010இல்தான் அரசு ஒருங்குறியையும் 'டேஸ் 16' முறையையும் தரமாக அறிவித்தது. முந்தைய ஆண்டுகளின் பல மலர்களைத் திறந்து 'பாரதி' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கன்னடத்துக்கும் இதே பாடுதான். கன்னட கணக பரிஷத்தின் 'நுடி'யும் ஆரம்பத்தில் தனிக் குறியாக்கத்தில்தான் இருந்தது. ஒத்தெழுத்து கீழே இறங்கும் கன்னடத்துக்கும் வடிவமைப்பு நிரல் வேண்டும். மும்மொழி ரசீது கொடுக்கும் பெங்களூரில், ஒரு மொழிக்குச் சரிசெய்தால் மற்றதற்கும் வழி திறக்கும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. பெயர்களை ஒருங்குறியில் சேமியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைச் சர்வரிலேயே நிறுவுங்கள். 2017இல் குரோம் உலாவியைத் திரையில்லாமல் இயக்கும் வசதி வந்தது. அதுவோ, வீசிபிரிண்ட் போன்ற கருவியோ தமிழைச் சரியாக வடிவமைக்கும். பிறகு சேகர், கௌரி, கோமதி, முத்து, ஸ்ரீதர் என்று ஐந்து பெயர்களைப் போட்டுச் சோதியுங்கள். தாளில் பார்த்தால் மட்டும் போதாது. பெயரை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். நல்ல கருவியிலும் சில சமயம் கொம்பு இடம் மாறி வரும். ஆகவே மூலக் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள், பி.டி.எஃப்.பிலிருந்து தமிழைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

இந்த மலரும் ஒருநாள் பி.டி.எஃப். ஆகும். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பேரப்பிள்ளை தன் தாத்தா பெயரைத் தமிழில் தட்டித் தேடினால், அது அகப்பட வேண்டும். வெளியிடும் முன் நாமே ஒரு பெயரைத் தேடிப் பார்த்துவிடுவோம்.