திறந்த மோட்டாரின் இன்பமும் இடரும்

மூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் அதே காரின் திறந்த வடிவமும் ஒரு காட்சிச்சாலையில் அருகருகே நிற்குமாயின், பார்ப்போர் கண் முதலில் திறந்ததையே நாடும். விலையைக் கேட்டால் பெரும்பாலும் அதற்கே அதிகம். நிறுத்துப் பார்த்தால் பாரமும் பல வேளைகளில் அதற்கே கூடுதல். ஒரு பொருளிலிருந்து ஒரு பகுதியை நீக்கினால் விலையும் எடையும் குறைவதன்றோ உலக வழக்கம்? கூரையை நீக்கிய காரில் மட்டும் இரண்டும் ஏறுவது ஏன்? இந்தப் புதிருக்கு விடை காண முயல்வோர், அந்தக் காரின் உடலமைப்பையும் அதனை விரும்புவோரின் மனவியல்பையும் ஒருங்கே அறிந்துகொள்வர்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது பாரம் சுமப்பதற்கோ, குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றிச் செல்வதற்கோ ஆக்கப்பட்டதன்று. பெரும்பாலும் இருவருக்கே அதில் இடமுண்டு. நிலத்தோடு தாழ்ந்த உடலும், வலிய எஞ்சினும், சாரதியின் கைக்குறிப்பை உடனே ஏற்றுத் திரும்பும் இயல்பும் அதன் இலக்கணங்கள். ஓரிடத்தைச் சென்றடைவது அதற்கு இரண்டாம் நோக்கம். செல்லுதலில் உள்ள இன்பமே முதல் நோக்கம்.

தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் திறந்தவையாகவே இருந்தன. 1886 இல் ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியில் அமர்ந்தவருக்கு வானமே கூரை. மழைக்கும் தூசிக்கும் அஞ்சி, தடித்த மேலங்கியும் கண்காப்புக் கண்ணாடியும் அணிந்தே அக்காலத்தவர் பயணஞ் செய்தனர். உருக்குத் தகட்டை அச்சில் அழுத்தி உடல் செய்யும் முறை 1920 ஆம் ஆண்டுகளிற் பரவியபோது மூடிய கார் மலிவாயிற்று. அந்தப் பத்தாண்டின் முடிவில் அமெரிக்காவில் விற்ற கார்களுட் பெரும்பான்மை மூடியவையே. அதன்பின் திறந்த காரை வாங்கியவர் அதனை விரும்பியே வாங்கினர். அந்த விருப்பத்தை நெடுங்காலம் பேணியவை ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்திற் செய்யப்பட்ட எம்.ஜி., ட்ரையம்ப், ஆஸ்டின் ஹீலி முதலிய திறந்த கார்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குச் சென்றன. வெயில் அருமையான நாட்டிற் பிறந்து, கலிபோர்னியாவின் வெயிலில் அவை வாழ்வு பெற்றன எனலாம்.

அவற்றின் கவர்ச்சி யாது? மூடிய காருக்குள் இருப்பவர் வேகத்தைக் கருவியின் முள்ளைப் பார்த்தே அறிகிறார். கண்ணாடிக்கு அப்பால் மரங்கள் ஓடும். ஓசையும் காற்றும் உள்ளே வரா. திறந்த காரிலோ வேகம் முகத்திலும் செவியிலும் வந்து படுகிறது. மணிக்கு 40 மைல் வேகத்தில் வளைந்து செல்லும் நாட்டுப்புறத் தெருவில், மூடிய காரில் 70 மைல் வேகத்திற் கிடையாத விறுவிறுப்பு அதிற் கிடைக்கும். எஞ்சினின் குரல் மாறுவது தெளிவாகக் கேட்கும். வெட்டிய புல்லின் மணமும், மழை நனைத்த மண்ணின் மணமும், மரநிழலுக்குள் புகும்போது திடீரெனத் தோன்றும் குளிர்ச்சியும் பயணத்தின் பகுதிகளாகி விடும். ஊர்களைக் கடந்து செல்பவர் அவ்வூர்களுக்கு உள்ளேயே இருப்பதாக உணர்வர். தம்மைப் பிறர் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் சிலருக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஆளற்ற மலைப்பாதையில் அதிகாலையில் தனியே கூரையைத் திறந்து ஓட்டுவோரும் பலர் இருத்தலால், பெருமை மட்டுமே அதன் காரணமாகாது.

இனி அந்த இன்பத்திற்குக் கொடுக்கும் விலையைப் பார்க்கலாம். காரின் கூரை மழையையும் வெயிலையும் தடுக்கும் குடை மட்டுமே எனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது வீட்டின் உத்திரத்தைப் போன்று உடலைத் தாங்கி நிற்கும் உறுப்பு. சப்பாத்து வாங்கும்போது கிடைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியை நன்றாக ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் அது எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் பெட்டி நெளியும். தனிச் சட்டமின்றி, தகடுகளை ஒன்றாக இணைத்து ஆக்கப்படும் இக்காலக் கார் உடலும் அத்தகைய பெட்டியே. அதன் மூடியை வெட்டியெடுத்தால், ஒரு சில்லு பள்ளத்தில் விழும்போது முழு உடலும் சிறிது முறுகும், முன்கண்ணாடியின் சட்டம் நடுங்கும், கதவுகள் கிறீச்சிடும்.

இந்த நடுக்கம் காதுக்குத் தொல்லை என்பதோடு முடிவதில்லை. சில்லுகளைத் தாங்கும் விற்கள் தம் வேலையைச் செவ்வனே செய்வதற்கு, அவை பொருந்தியிருக்கும் உடல் அசையாது நிற்றல் வேண்டும். உடலே நெளியுமாயின் சாரதி ஸ்டியரிங்கில் இட்ட கட்டளை சற்றே மழுங்கிச் சில்லைச் சேரும். திருப்பத்திற் கூர்மையே ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் என்பதால், சாதாரணக் காருக்கு நேரும் இழப்பிலும் அதற்கு நேரும் இழப்புப் பெரிது. இதனைத் தடுக்கவே கதவின் கீழ் ஓடும் பக்கச் சட்டங்களைத் தடிப்பாக்கி, தளத்தின் அடியிற் குறுக்குச் சட்டங்களைச் சேர்த்து, முன்கண்ணாடியின் தூண்களுக்குள் உருக்குக் குழாயைச் செருகுகின்றனர். மேலே இழந்ததைக் கீழே ஈடுசெய்வதால் எடை ஏறுகிறது. கூரையை மடிக்கும் பொறியும் அதனோடு சேர்கிறது. புதிரின் விடை இதுவே.

இதற்கு ஜேர்மனியின் மேர்சிடிஸ் 300 எஸ்.எல். தக்க சான்று. 1954 இல் வெளிவந்த அந்த மூடிய காரின் உடலுக்குள், மெல்லிய உருக்குக் குழாய்களாற் பின்னிய கூடு ஒன்று இருந்தது. இலேசாகவும் உறுதியாகவும் இருப்பதற்காக அக்கூட்டின் பக்கங்களை உயர்த்தியிருந்தனர். சாதாரணக் கதவு வைக்க இடமில்லாமற் போகவே, கதவுகள் கூரையிற் பொருத்தப்பட்டுப் பறவையின் சிறகுபோல் மேல்நோக்கித் திறந்தன. காண்போர் வியந்தனர், உள்ளே இருந்தவர் வியர்த்தனர். ஏனெனில், அந்தக் கதவின் கண்ணாடியைக் கீழிறக்க இயலாது. அமெரிக்க வாடிக்கையாளர் திறந்த காரை விரும்பினர். 1957 இல் அதே காரின் திறந்த வடிவம் வந்தபோது, பொறியியலாளர் குழாய்க்கூட்டின் பக்கங்களைத் தாழ்த்தி, பிற இடங்களில் வலுவூட்டி, வழக்கமான கதவுகளை வைத்தனர். புதிய கார் ஏறக்குறைய நூறு கிலோகிராம் பாரங் கூடியதாயிற்று. ஆயினும் மூடியவை 1,400 மட்டுமே செய்யப்பட, திறந்தவை 1963 வரையில் 1,858 செய்யப்பட்டன. இலேசான காரைவிடக் காற்றோட்டமான காரையே பணம் கொடுப்போர் நாடினர்.

எனினும் கூரை நீங்கினால் எப்போதும் பாரம் ஏறும் என்று கொள்ளலாகாது. இங்கிலாந்தின் எம்.ஜி.பி. இதற்கு மாறான கதையைச் சொல்லும். 1962 இல் அது தொடக்கத்திலேயே திறந்த காராகத் திட்டமிடப்பட்டது. வேண்டிய வலிமையைத் தளத்திலும் பக்கச் சட்டங்களிலும் முன்னரே அமைத்திருந்தனர். 1965 இல் அதற்கு இத்தாலியின் பினின்பரீனா நிறுவனம் உருக்கொடுத்த நிலையான கூரையைச் சேர்த்தபோது, தகடும் கண்ணாடியும் மேலேறியதால் மூடிய காரே பாரங் கூடியதாயிற்று. புறப்படும்போது அது சற்றே மந்தமாயினும், காற்றை எளிதாகக் கிழித்துச் சென்றதால் உச்ச வேகத்தில் திறந்த காரை முந்தியது.

ஆகவே ஒரு பொதுவிதி புலப்படும். மூடியதாகப் பிறந்து பின்னர் வெட்டப்பட்ட கார் பாரத்தையும் நடுக்கத்தையும் தேடிக்கொள்கிறது. திறந்ததாகவே பிறந்த கார் அவ்விரண்டையும் பெருமளவு தவிர்க்கிறது. 1962 இல் வந்த லோட்டஸ் எலான் இவ்விதியை உணர்ந்த கார். அதன் நடுவே முதுகெலும்பு போன்ற உருக்குச் சட்டம் ஒன்று ஓடிற்று. கண்ணாடி நாரினால் ஆன மேலுடலுக்குக் கூரையின் துணை அதிகம் தேவைப்படவில்லை. 1989 இல் சிக்காகோ கண்காட்சியில் யப்பானின் மஸ்டா நிறுவனம் காட்டிய எம்.எக்ஸ்.5 அதே வழியைப் பின்பற்றிற்று. திறந்த இருவர் காராகவே அதனை வரைந்தனர். இருக்கையில் இருந்தபடியே ஒரு கையால் மடிக்கத்தக்க எளிய துணிக்கூரை அதற்குப் போதுமானதாயிற்று. 2016 இல் அக்காரின் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறியது.

கூரையின் வகையும் சிந்திக்கத்தக்கது. துணிக்கூரை இலேசானது, சிறிய இடத்தில் மடியும். ஆனால் ஓசையைத் தடுக்காது. ஆண்டுகள் செல்லச் சுருங்கும். இறப்பர் ஓரங்கள் தேய்ந்தால் ஒழுகும். திருடன் ஒருவனுக்கு ஒரு கத்தியே திறவுகோலாகும். பழைய கூரைகளின் பிளாஸ்டிக் பின்கண்ணாடி வெயிலில் மஞ்சளித்து, இரவில் பின்வரும் வண்டியின் விளக்கைக் கலங்கலாகக் காட்டிற்று. உலோகக் கூரையை மடித்துப் பின்னறைக்குள் மறைக்கும் முறையைப் பிரான்சின் பேஜோ நிறுவனம் 1934 இலேயே செய்து காட்டியது. 1996 இல் மேர்சிடிஸ் எஸ்.எல்.கே. அதனை ஸ்போர்ட்ஸ் காரிற் பரவச் செய்தது. குளிரும் திருட்டும் அஞ்சவேண்டாதனவாயின; ஆனால் பாரம் பின்புறத்தில் ஏறிற்று. கூரை திறந்திருக்கும்போது பயணப்பெட்டிக்கும் இடம் சுருங்கிற்று.

காற்றும் எப்போதும் நண்பனாக இருப்பதில்லை. முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிய காற்று பின்னால் இறங்கிச் சுழன்று மீண்டும் முன்னோக்கி வருவதால், அமர்ந்தவரின் பிடரியிலேயே அது அடிக்கிறது. இருக்கைகளின் பின்னே சிறு வலைத்தடுப்பு வைப்பது இதற்காகவே. பெருந்தெருவில் உயர்ந்த வேகத்தில் நெடுநேரம் திறந்து ஓட்டினால் உரையாடல் இயலாது. செவிக்கும் அது நன்றன்று. வெப்ப நாடுகளில் திறந்த கார் பொருத்தமானது என்று எண்ணுவது இயல்பு. நண்பகல் வெயிலில் நகர நெரிசலில் அசையாது நிற்கும் திறந்த காரில் இருந்தவர் அவ்வாறு எண்ணார். அங்கே அதற்குரிய வேளை விடியலும் மாலையுமே.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி உயிர்க்காப்பு. கார் கவிழ்ந்தால் தலைக்கு மேல் இருப்பது என்ன? 1960 ஆம் ஆண்டுகளின் நடுவில் இக்கேள்வி அமெரிக்காவில் வலுத்தது. 1965 இல் போர்ஷே நிறுவனம் பிராங்க்பேர்ட் கண்காட்சியிற் காட்டிய டார்கா, இருக்கைகளின் பின்னே அகன்ற உருக்கு வளையம் ஒன்றை நிலையாகக் கொண்டிருந்தது. அதற்கும் முன்கண்ணாடிக்கும் இடையிலுள்ள பலகையைக் கழற்றலாம். சிசிலித் தீவின் டார்கா புளோரியோ பந்தயத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. கடுமையான விதிகள் வரும் என்ற அச்சத்தினால் 1975 இல் ட்ரையம்ப் டி.ஆர்.7 மூடிய காராக மட்டுமே வந்தது. 1976 இல் கடிலாக் நிறுவனம் தன் எல்டொராடோவை அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்று கூறி விற்றது. ஆனால் திறந்த காரை ஒழிக்கும் விதி எதுவும் வரவில்லை. 1979 இல் டி.ஆர்.7 இன் கூரை திறந்தது; 1982 இல் கிறைஸ்லர் நிறுவனம் அமெரிக்கத் திறந்த காரை மீண்டும் செய்தது. 1989 இல் மேர்சிடிஸ் எஸ்.எல். காரில், கவிழப்போகும் நிலையை உணர்ந்து ஒரு வினாடியின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நேரத்தில் தானே எழுந்து நிற்கும் காப்பு வளையம் அமைக்கப்பட்டது. வலிய முன்கண்ணாடிச் சட்டமும் இருக்கைக்குப் பின்னுள்ள வளையங்களும் ஆபத்தைக் குறைத்துள்ளன. முற்றாக நீக்கிவிட்டன என்று கூறுவதற்கில்லை. ஆசனப்பட்டி அணியாதவரை எந்த வளையமும் காக்காது.

ஆதலால், பந்தயத் தடத்தில் ஒரு வினாடியின் பங்கையும் எண்ணுபவர் மூடிய காரைத் தெரிவதே முறை. நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவருக்கும் அதுவே உகந்தது. வேகத்தை அளப்பதிலும் அதனை உணர்வதையே விரும்புபவருக்குத் திறந்த கார் உரியது. அதனை வாங்க எண்ணுபவர் விற்பவரிடம் முதலிற் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: இந்தக் கார் திறந்ததாகப் பிறந்ததா, பின்னர் திறக்கப்பட்டதா? அதன்பின் கரடுமுரடான தெரு ஒன்றில் ஓட்டிப் பார்த்து, முன்கண்ணாடியின் சட்டம் நடுங்குகிறதா என்று கவனித்தால், விற்பவரின் விடை மெய்யோ பொய்யோ என்பதைக் காரே சொல்லிவிடும்.