எர்த் வயர் எதற்கு?

பிரிட்ஜின் கைபிடியைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? வயரிங் தெரிந்தவரைக் கேட்டால் “எர்த் சரியில்லை” என்பார். அந்த எர்த் (புவித்தொடுப்பு) என்ன வேலை செய்கிறது?

கம்பத்திலிருந்து சாதாரண வீட்டுக்கு வருவது இரண்டு வயர்தான். ஒன்றில் கரண்ட் வரும், மற்றதில் திரும்பும். பச்சையும் மஞ்சளுமான மூன்றாவது வயர் உங்கள் வளவுக்கே உரியது. பிரிட்ஜ், வாஷிங் மெசின், கிணற்று மோட்டர் இவற்றின் இரும்பு உடம்பை, பிளக்கின் நீளமான கால் வழியாக, நிலத்தில் அடித்த செம்புக் கம்பியோடு (எர்த் றொட்) அது இணைக்கிறது.

ஏன் மண்ணோடு? ரோட்டில் நிற்கும் ட்ரான்ஸ்போமரும் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மோட்டரின் உள்ளே ஒரு வயர் உரிந்து இரும்பில் பட்டால், அந்தக் கரண்ட் மண் வழியாக அங்கே திரும்பப் பார்க்கும். எர்த் இருந்தால் அதன் வழியே போகும். இல்லையென்றால், கிணற்றடி ஈரத்தில் வெறுங்காலோடு மோட்டரைத் தொடுபவர் வழியே போகும்.

அப்படியானால் றொட் அடித்தால் போதுமா? போதாது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் நம் வீடுகள் நிற்பது மணலில். காய்ந்த மணல் கரண்டை இலேசில் விடாது. றொட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் 20 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட்டுக்கு 11.5 அம்பியர்தான் ஓடும். 13 அம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. மோட்டரின் உடம்பு கரண்டோடு அப்படியே நிற்கும். ஆகவே மேல் மணலைத் தாண்டி, கோடையிலும் ஈரம் காயாத ஆழம் வரை றொட் இறங்க வேண்டும். உப்புக் காற்றில் அதன் கிளிப் அரித்துப்போகும். அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

பியூஸ் எரியாத இடத்திலும் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்தான். போன கரண்டும் திரும்பிய கரண்டும் 30 மில்லி அம்பியர் (அம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு) வித்தியாசப்பட்டாலே அது விழுந்துவிடும். அடிக்கடி விழுகிறது என்று அதை விட்டுவிட்டு வயரை நேரடியாக இணைக்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கோ கசிகிறது என்றுதான் அது விழுகிறது.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே, எர்த்தும் சரிதானே? இல்லை. அந்தப் பட்டன் சுவிட்சை மட்டுமே சோதிக்கும். எர்த்தின் தடையை அதற்கான மீட்டரால்தான் அளக்க முடியும். சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டனையும் அழுத்துங்கள், எர்த்தையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

போன் சார்ஜரில் எர்த் கால் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கிறதே? அது இரட்டைக் காப்பு உள்ள பொருள். தொடும் இடத்தில் இரும்பு இல்லை, எர்த் தேவையில்லை. ஆனால் மூன்று வயரோடு வந்த பொருளுக்கு இரண்டு கால் பிளக் மாட்டுவது, பேனா மூடியால் துவாரத்தைத் திறந்து செருகுவது, இரண்டும் எர்த்தை வெட்டி எறிவதற்குச் சமம். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் புத்தகத்தில் ‘கிரவுண்ட்’ என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம்; அமெரிக்கர்கள் எர்த்துக்குச் சொல்லும் பெயர் அது.

இடிமின்னலுக்கு இந்த எர்த்தை நம்பாதீர்கள். வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுரீர் என்ற பிரிட்ஜையும் மோட்டரையும், பார்த்து முடியும்வரை பிள்ளைகள் தொடாதபடி நிறுத்தி வையுங்கள்.